சீம்பால் வரிசை

எனக்குக் கோவம் வந்தா திருநெல்வேலித் தமிழ் வந்துரும். மத்த நேரத்துல, இங்க வந்த எட்டு வருஷத்துல பழகின ஓசூர்ப் பக்கத்துப் பேச்சுதான். கொஞ்சம் சேலம், கொஞ்சம் தருமபுரி, நடுவுல தெலுங்கு, வேலை முடிஞ்சா கன்னடத்துல ஒரு "ஆய்து". அரசு ஆஸ்பத்திரியில ஊசி அறை நர்ஸ் நான். எங்க ஊர்ல பொம்பளைங்களை அதட்டற மாதிரி "ஏளா"ன்னு வாயைத் திறந்தேன்னா எங்க ஆயாம்மா கதவைச் சாத்திட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. அவங்களுக்குத் தெரியும், இது இப்போதைக்கு அடங்காதுன்னு.

வீடு தளி ரோட்டுல, பஸ்ஸுல இருபது நிமிஷம். முட்டைக்கோஸும் ரோஜாவும் போடற ஊர். தெருவுல பாதி விவசாயக் குடும்பம், பாதி என்னை மாதிரித் தெற்கேயிருந்து வந்து கம்பெனிக்குப் போற வாடகைக் குடும்பம். எங்க வீட்டுக்காரம்மா புருஷன்கிட்ட தெலுங்கு பேசுவாங்க, பக்கத்து வீட்டுல கன்னடம், என்கிட்ட தமிழ். சண்டைன்னு வந்துட்டா மூணும் ஒண்ணா வரும்.

எதிர்வீட்டு அக்காகிட்ட ஒரு பசு இருந்துச்சு. அவங்க புருஷன் லாரி ஓட்டறவர், மாசத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்தா பெரிசு. மிச்ச நாளெல்லாம் அந்த அக்காவும் பசுவும்தான் பேசிக்கிட்டு இருப்பாங்க. பசு கன்னு போட்டதும் தெரு முழுக்க சீம்பால் வந்துச்சு. வெல்லம், ஏலக்காய் தட்டிப்போட்டு ஆவியில வேகவச்சு, கட்டி கட்டியா. தெலுங்குக்காரங்க ஜுன்னுன்னாங்க, கன்னடக்காரங்க கிண்ணுன்னாங்க, நான் ஒண்ணும் சொல்லாம ரெண்டு கிண்ணம் தின்னேன். ஒரு வீடு விடாம குடுக்கணும், இல்லாட்டி மாட்டுக்குக் கண்ணு பட்டுரும்ங்கறது இங்க வழக்கம்.

பத்து நாள் கழிச்சு அந்தப் பசு தீனி எடுக்கல. வாயில எச்சி ஊத்துச்சு, குரல் மாறிக் கத்துச்சு, ரெண்டே நாள்ல செத்துப்போச்சு. கால்நடை டாக்டர் வந்து விசாரிச்சப்பதான், ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தெருநாய் அதோட காலைக் கடிச்சது வெளிய வந்துச்சு. "வெறிநோயா இருக்கலாம், எதுக்கும் ஆஸ்பத்திரியில கேட்டுக்கங்க"ன்னு அவர் சொல்லிட்டுப் போனார். "எதுக்கும்"ங்கற அந்த ஒத்தை வார்த்தை போதாதா?

மறுநாள் காலையில ஊசி அறை வாசல்ல எங்க தெருவே நிக்குது. நாப்பது பேருக்குக் குறையாது. வாய்க்குப் பேர்போன ஒரு மாமியார்தான் வரிசையில முதல் ஆள். "நான்தான் நெறையத் தின்னேன், எனக்குத்தான் மொதல்ல." அவங்க மருமக, "எனக்கு வழிச்ச பாத்திரம்தான் கெடச்சுது, அதுக்கு எத்தனை ஊசி?"ன்னு கேக்கறா. பின்னாடி கம்பெனி யூனிஃபார்ம்ல மூணு பேர். இவங்க எந்த வீடுன்னு பாத்தா, எங்க தெருவுல தங்கியிருக்கற ஒருத்தன் டிபன் பாக்ஸுல சீம்பாலைக் கொண்டுபோய் ஷிப்டுல பகிர்ந்திருக்கான். கடைசியில ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னார். "உங்களுக்கு என்னங்க?" "எங்க வீட்டுக்கு மட்டும் குடுக்கவே இல்ல சிஸ்டர். அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எங்க டாக்டரம்மா சின்னப் பொண்ணு, குரலே எழும்பாது. பொறுமையா எல்லாருக்கும் சொன்னாங்க. காய்ச்சின பால்ல, வேகவச்ச சீம்பால்ல அந்தக் கிருமி நிக்காது. பச்சைப்பால் குடிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? யாரும் இல்ல. அப்ப யாருக்கும் ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போங்க.

"கிருமி செத்ததை யார் பாத்தாங்க?"ன்னு மாமியார் கேட்டாங்க. சரியான கேள்விதான். "நானும் தின்னேன்மா, எனக்கே போட்டுக்கலையே"ன்னு சொல்லிப் பாத்தேன். "நீங்க நைசா உள்ளாற போட்டுக்குவீங்க"ன்னு பின்னாலிருந்து ஒரு குரல். யூனிஃபார்ம் ஆளுங்க, "ஊசி போடாட்டியும் பரவால்ல, போட்டதா ஒரு சீட்டு குடுங்க, சூப்பர்வைசர் நம்பமாட்டார்"ங்கறாங்க. கையிருப்பு மருந்தோ கொஞ்சம். நிஜமா நாய் கடிச்சு வர்றவங்களுக்கு நான் என்ன பண்றது?

ஸ்டூல் மேல ஏறி நின்னு கத்தினேன். "ஏல, எல்லாரும் வாயை மூடுங்க! மாடு சாகறதுக்கு முன்னாடி அதோட வாய்ல, எச்சில்ல கை வச்சது யாரு? அதை மட்டும் சொல்லுங்க!"

மருமகதான் மெதுவா சொன்னா. "எதிர்வீட்டு அக்கா வச்சாங்க. தொண்டையில முட்டைக்கோஸ் தண்டு சிக்கிருச்சுன்னு நெனச்சு, முழங்கை வரைக்கும் உள்ள விட்டுத் தேடினாங்க. பல்லு பட்டுக் கையில ரத்தம்கூட வந்துச்சு."

இத்தனை பேர்ல ஊசி நிஜமா வேண்டிய ஒரே ஆள் அவங்கதான். மத்தவங்களுக்கு இது பயம், அவங்களுக்கு இது உயிர். இந்த நோய் வந்துட்டா அதுக்கப்புறம் எந்த டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது. வரிசையில முதல்லேருந்து கடைசி வரைக்கும் பாத்தேன். அவங்க இல்ல.

"எங்க அவங்க?" "அவங்கதான் டெம்போ பிடிச்சு எங்களை ஏத்திவிட்டாங்க." "கூட வந்தாங்களா?" யாருக்கும் தெரியல.

போட்டது போட்டபடி வெளிய ஓடினேன். கேட்டுக்கு வெளிய, முட்டைக்கோஸ் ஏத்தற அந்த டெம்போவுக்குப் பின்னால, கையை முந்தானையில சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துட்டு. என்னைவிட மூத்தவங்க, இருந்தாலும் வாயில "ஏளா"தான் வந்துச்சு.

"ஏளா, இங்க என்ன பண்ணுத? உள்ள வரவேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது சிஸ்டர்? என் கையால குடுத்ததைத் தின்னுட்டுத்தான் எல்லாம் நிக்கறாங்க. மொதல்ல அவங்களுக்குப் போடுங்க. மிச்சம் இருந்தா பாக்கலாம்."

"அவங்களுக்கு வேண்டவே வேண்டாம்க்கா!"

"அப்ப எனக்கும் வேண்டாம். நானும் அதே சீம்பாலைத்தான் தின்னேன்."

இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? கையைப் பிடிச்சு முந்தானையைப் பிரிச்சேன். மணிக்கட்டுக்கு மேல பல் கிழிச்ச கோடு ரெண்டு, மேல மஞ்சளைக் குழைச்சு அப்பியிருந்துச்சு. "சீம்பாலை விடுங்கக்கா, இந்தக் காயம்தான் ஆபத்து. இப்ப வரலேன்னா நான் இங்கயே உக்காந்துருவேன்"னு சொல்லி டெம்போ பக்கத்துல தரையில உக்காந்தேன். வெள்ளை உடுப்போட நான் மண்ணுல உக்காந்ததைப் பாத்துப் பதறி எழுந்துட்டாங்க.

உள்ள கூட்டிட்டு வந்தப்ப, தெரு மொத்தமும் அவங்களைப் பாத்துச்சு. அவங்க தலை நிமிரல. நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன், "ஆபத்து இவங்க ஒருத்தருக்குத்தான். மருந்து கொஞ்சம்தான் இருக்கு. இனி யாரு மொதல்ல?"

அந்த மாமியார்தான் முதல்ல அசைஞ்சாங்க. நேரா வந்து அக்காவோட தோளைப் பிடிச்சு, "அடிப்பாவி, ஊருக்கெல்லாம் வண்டி புடிச்ச, உனக்குன்னு தோணலையா?"ன்னு ஒரு அதட்டல். அப்புறம் வரிசையைப் பாத்து, "தள்ளுங்கடா! ஒண்ணும் இல்லாததுக்கு ஊசி ஊசின்னு நிக்கறீங்க, வெக்கமா இல்ல?"ன்னாங்க. காலையில ஏழு மணிலேருந்து முதல் ஆளா நின்னது யாருன்னு யாரும் கேக்கல. கேட்டா யார் உயிரோட வீடு போறது?

காயத்தைச் சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணியில கால் மணி நேரம் கழுவணும். நான் வாட்ச் பாத்தேன், மாமியார் சோப்பு பிடிச்சாங்க, நாப்பது பேரும் சுத்தி நின்னு "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்"னு மூணு பாஷையில யோசனை சொன்னாங்க. காயத்தைச் சுத்தி மருந்து ஏத்தினா வலி உயிர் போகும். அந்த அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மருமகதான் பாத்துட்டு மயக்கம் போட்டா. அவளுக்குக் குளுக்கோஸ் குடுத்தோம். சீட்டுக்குப் பதிலா சூப்பர்வைசர்கிட்ட இந்தக் கதையையே சொல்லிக்கறோம்னு யூனிஃபார்ம் ஆளுங்க டூட்டிக்குக் கிளம்பிட்டாங்க.

அப்புறம் மூணு தவணை. அந்த அக்கா மறந்தாலும் தெரு மறக்கல. ஊசித் தேதி வந்தா காலையிலயே எல்லா வீட்டுலேருந்தும் குரல் வரும். மாமியார் பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்து, என் அறை வாசல்ல காவல் நின்னு, ஊசி ஏறினதைக் கண்ணால பாத்தாத்தான் நகருவாங்க. இப்ப அந்த அக்கா நல்லாத்தான் இருக்காங்க.

கடைசி ஊசி போட்ட அன்னைக்கு அவங்க அட்டையை முடிக்கும்போது பாத்தேன், ஒரு கட்டம் நிரப்பாம கிடக்கு. முதல் நாள் களேபரத்துல விட்டுப்போயிருக்கு. எது கடிச்சுது, எப்படிக் கடிச்சுதுன்னு எழுதணும்.

"மாடு கடிச்சதுன்னு எழுதிரட்டுமாக்கா?"ன்னு கேட்டேன்.

அவங்க அந்தத் தழும்பைத் தடவிக் குடுத்தாங்க.

"அது கடிக்கல சிஸ்டர். வலி தாங்காம என் கையைப் புடிச்சுக்கிச்சு."