இரண்டு தடவை விழுந்தவர்

சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதங்களின் வாயிலில் முப்பத்தொரு வருடம் காவலிருந்தவர் ஆதம்பாவா. யார் சிரித்துக்கொண்டு வந்தாலும் முதலில் அவர்களுடைய பையைத்தான் பார்ப்பார். எழுபத்தேழு வயதாகி, குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

"மருந்து ஏத்துறதுக்கு முந்தி இன்னொரு பரிசோதனை இருக்காம், வாப்பா" என்று மகள் றஹ்மா சொன்னதுமே அவருக்கு உறுத்தியது. இரத்தம் எடுத்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று. இனி என்ன மிச்சம்? கிண்ணியாவில் பக்கத்து வீதியில் இதே நோய் வந்த அஸாமையும் இப்படித்தான் ஓர் அறைக்குள் கூட்டிப்போய் ஏதேதோ கேட்டார்கள். பிறகு வலிக் குளிசையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் அவருடைய ஜனாஸாவை அடக்கினார்கள்.

ஆஸ்பத்திரி அறையில் ஊசியும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஒரு கதிரை, தரையில் ஒட்டிய இரண்டு கோடுகள், கையில் கடிகாரத்தோடு சிவாஜினி என்ற தாதி. அவ்வளவுதான். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

"ஐயா, கையை நெஞ்சில கட்டிக்கொண்டு அஞ்சு தரம் கதிரையை விட்டு எழும்பித் திரும்ப இருங்கோ."

எழும்பினார். நாலாம் தடவை மெதுவாகத்தான் எழும்ப முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தையும் முடித்தார். ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு விறைப்பாக நடந்தார். நினைவில் வைக்கும்படி அவள் சொன்ன மூன்று சொற்களையும் திருப்பிச் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் எழுத எழுத, அந்தத் தாளைத் தலைகீழாகப் படிக்கப் பார்த்தார். இலக்கங்கள் மட்டும்தான் தெரிந்தன.

"இந்த ஆறு மாசத்துக்குள்ள எங்கயாவது விழுந்தனீங்களோ?"

"இல்ல."

றஹ்மா தலை குனிந்துகொண்டாள்.

சிவாஜினி அவரைப் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தாள். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்த்தாள். நின்றவருக்குச் சுவர் சுழன்றது. அவள் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

"உண்மையாவே விழயில்லையோ, ஐயா?"

ஆதம்பாவாவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு விளங்காதெண்டு நினைக்காத, புள்ள. கிழவன்மாருக்கு மருந்து வீண். ஆரை விடுறது, ஆரைக் கழிக்கிறது எண்டு பாக்கிறீங்க. அதுதானே இந்தக் கதையெல்லாம்?"

அவள் மறுப்பாள், தேனாகப் பேசுவாள் என்று காத்திருந்தார். அவளோ தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சிலருக்கு மருந்து வேண்டாம் எண்டுதான் வரும். அதை நான் மறைக்கயில்லை. தாங்காத உடம்புக்கு ஏத்தினா, நோய்க்கு முந்தி மருந்து கொண்டுபோயிடும். ஆனா நீங்க மறைச்சா, உங்களுக்கு எவ்வளவு ஏத்துறதெண்டு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தாளிலிருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு தரம் விழுந்தனான்" என்றார் கடைசியில். "ஒருக்கா குளியலறையில, ஒருக்கா பள்ளிவாசல்ல, தொழுறதுக்கு முந்தி கைகால் கழுவி வுளூச் செய்யக்குள்ள."

றஹ்மா குளிசைப் பையை மேசையில் கொட்டினாள். கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிசையும் தனியார் டொக்டர் எழுதிய குளிசையும் பெயரில்தான் வேறு, மருந்து ஒன்றுதான். மாதக்கணக்கில் இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார்; எழும்பியதும் பிரஷர் இறங்கித் தலை சுற்றியது அதனால்தான். ஆஸ்பத்திரி டொக்டர் வந்து பார்த்து, ஒன்றை நிறுத்தினார். மூன்று கிழமை நன்றாகச் சாப்பிட்டு, கால்களுக்குப் பயிற்சி செய்து வரும்படியும், பிறகு புற்றுநோய் மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றத் தொடங்கலாம் என்றும் சொன்னார்.

"தள்ளிப்போடுறாங்க, மகள். பிறகு இல்லையெண்டுடுவாங்க" என்று பஸ்ஸில் முணுமுணுத்தபடியே வந்தார் ஆதம்பாவா. ஆனால் முட்டையும் மீனும் தின்றார். வாசலில் றஹ்மா எண்ண, கதிரையில் இருந்து எழும்பினார்.

மூன்று கிழமையில் மருந்து ஏறியது. ஒவ்வொரு தடவையும் மருந்துப் பையில் ஒட்டியிருந்த தன் பெயரை றஹ்மா வாசித்துக் காட்டிய பிறகுதான் கையை நீட்டினார். ஐந்து முறை தாங்கினார். ஐந்தாவதுக்குப் பிறகு விரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானும் போட முடியவில்லை.

"ஆறாவது எனக்கு வேணாம்" என்றார்.

டொக்டர் அதன் நன்மை தீமைகளை எடுத்துச் சொன்னார். ஆதம்பாவா முழுவதையும் கேட்டுவிட்டு, வேண்டாமென்று தலையாட்டினார். சிவாஜினி கோப்பில் எழுதியதை, "வாசி, புள்ள" என்று அவளைக் கொண்டே இரண்டு தடவை வாசிக்கவைத்தார். 'நோயாளி தாமாகவே நிறுத்தினார்' என்றிருந்தது. பிறகு மரத்த விரல்களுக்குள் பேனையை இடுக்கி, மெதுவாகக் கையெழுத்து வைத்தார்.