எவடத்து டொக்டர்

எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. விபத்தில் இறந்தவர்களுக்கு எவருடைய வைத்தியச் சான்றை நிறுவனம் ஏற்கும் என்ற பட்டியல். ஒன்பது பெயர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவற்றில் ஆறை நானே சிவப்பு மையால் வெட்டியிருந்தேன். நால்வர் வெளிநாடு போனார்கள், ஒருவர் கொழும்பு, ஒருவர் காலமானார். மிஞ்சிய மூவரில் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள். பத்தாவது பெயராகத் தன்னைச் சேர்க்கும்படி ஒருவர் விண்ணப்பித்தபோது நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. எல்லாரும் போகிற நேரத்தில் இவர் ஏன் வந்தார்?

ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர் அவர். படித்தது சோவியத் நாட்டில். சிவப்பு அட்டைக்குள் இருந்த பட்டத்தில் எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. முத்திரைகளை எண்ணினேன், மூன்று. மொழிபெயர்ப்பில் இரண்டுதான் குறிப்பிடப்பட்டிருந்தது. சொந்த ஊர் கரவெட்டி என்று எழுதியிருந்தார். நான் உடுப்பிட்டிக்காரன். பக்கத்து ஊர்தானே, இவரைப் பற்றி ஒரு சொல்லும் என் காதில் விழாதது எப்படி?

இந்த விண்ணப்பத்தோடு ஒரு பெண்ணின் காரியமும் பின்னிக் கிடந்தது. அவள் குருநகர். யுத்தத்தால் கடலில் இறங்கத் தடை வந்தபின், மீன்பிடிகாரனான அவள் கணவன் சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் வெங்காயம் ஏற்றி விற்றவன். லொறி மோதி விழுந்தவனைக் கடைசியாகப் பார்த்தவர் இந்த டொக்டர்தான். அவரைப் பட்டியலில் சேர்த்தால்தான் அவர் கொடுத்த சான்று செல்லும். இறந்து தொண்ணூறு நாட்களுக்குள் நான் கோரிக்கையைப் பதிய வேண்டும். அவள் முதலில் வந்தது பன்னிரண்டாம் நாள்.

“ரெண்டு பிள்ளையளையும் கன்னியர் மடத்திலை விடச்சொல்லி அண்ணை நிக்கிறார், ஐயா. காசு வந்தால் ஒரு தையல் மெசின் வாங்கி என்னோடையே வைச்சிருப்பன்” என்றாள். பார்ப்போம் தங்கச்சி என்றேன்.

நாங்கள் ஒரு மனிதனைத் தாளில் நம்புவதில்லை. ஆருடைய மகன், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று தெரிந்தபிறகுதான் தாளை எடுத்துப் பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரவெட்டிக்குச் சைக்கிளில் போனேன். ஆறு வீடுகள். முதல் வீடு ஓய்வுபெற்ற தபாலதிபருடையது. ஊரில் எவருக்குக் கடிதம் வந்தாலும் அறிந்தவர் அவர். பெயரைச் சொன்னதும் கையிலிருந்த செம்பை நிலத்தில் வைத்தார்.

“உப்பிடி ஒருத்தர் இந்த ஊரிலை இல்லை” என்றார். மற்ற ஐந்து வீடுகளிலும் அதையே சொன்னார்கள். ஆறு பேரும் ஒரே சொல்லைச் சொன்னது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ ஆறு சாட்சிகள் என்று குறித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்தாள். “டொக்குத்தரின்ரை சாதகம் பாத்து முடிஞ்சுதே ஐயா? பொம்பிளை குடுக்கிற ஆக்களும் இவ்வளவு விசாரிக்காயினம்” என்பாள். அலுவலகம் சிரிக்கும். நான் சிரிப்பதில்லை.

அறுபத்து மூன்றாம் நாள், நான் எழுதிக் கேட்டிருந்த மருத்துவச் சபையின் பதில் கொழும்பிலிருந்து வந்தது. பதிவு சரி, பட்டம் சரி. அன்றே பேரை ஏற்றிச் சான்றைப் பதிந்திருக்கலாம். ஆனால் கரவெட்டி என் மனதில் முள்ளாகக் கிடந்தது. எழுபத்தோராம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் கைகழுவும் தொட்டியடியில் நின்றபடி கதைத்தார். சேட்டுக் கையில் இரத்தம் காய்ந்திருந்தது.

“கரவெட்டியிலை உங்களை ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

“ஆரைக் கேட்டனீங்கள்?”

தபாலதிபரைச் சொன்னேன்.

“அவர் என்ரை பெரியப்பா” என்றார் சாதாரணமாக. “அப்பா குருநகரிலை, வேதக்காற வீட்டிலை, மாதா கோயிலிலை கலியாணம் முடிச்சவர். அண்டைக்கே எங்களை அவையள் மறந்திட்டினம். முப்பத்தைஞ்சு வருசமா நல்லா ஞாபகம் வைச்சு மறந்திருக்கினம்.”

அந்த இடத்தில் நான் வெட்கப்பட்டிருக்கலாம். என் மூளை வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. குருநகர். அந்தப் பெண்ணும் குருநகர்.

“அப்ப, லொறி மோதிச் செத்தவன்ரை மனிசி உங்களுக்குச் சொந்தமோ?”

அவர் தண்ணிக் குழாயை மூடினார். “அங்கை எனக்கு எல்லாரும் சொந்தம்தான், ஐயா” என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

பகிடியை நான் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். உறவினருக்கு எழுதிய சான்று செல்லாது என்று ஒரு விதி இருந்தது. இரத்த உறவு உண்டா என்று கேட்டுக் குருநகர்ப் பங்குச் சுவாமியாருக்குக் கடிதம் போட்டேன். அவர் வேறு பங்கில் இடம்பெயர்ந்தவர்களோடு நின்றார். எந்த உறவும் இல்லை என்ற நான்கு வரிப் பதில் தொண்ணூற்று நான்காம் நாள் என் மேசைக்கு வந்தது.

தலைமை அலுவலகத்துக்கு மூன்று விளக்கக் கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: காலம் கடந்துவிட்டது. அதை அவளிடம் சொன்ன செவ்வாய்க்கிழமை அவள் அழவில்லை. பிள்ளைகளை முதல்நாளே மடத்தில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். சின்னவன் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று நின்றானாம், கழற்றினால் அங்கேயே தங்க வேண்டும் என்று.

“டொக்குத்தரின்ரை அப்பாவை விசாரிச்சியள், அம்மாவை விசாரிச்சியள்” என்றாள் எழும்பியபடி. “என்ரை மனிசனைப் பற்றி ஒரு கேள்வி கேக்கேல்லை, ஐயா.”

எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. எந்த வைத்தியரின் பதிவையும் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம் என்று மகன் சொல்கிறான். போன வருடம் நெஞ்சு அடைத்து அதே விபத்துப் பிரிவுக்கு என்னைக் கொண்டுபோனார்கள். இளம் டொக்டர் பிள்ளை ஒன்று ஊசியோடு வந்து கையை நீட்டச் சொன்னது. மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. “பிள்ளை எவடம்?” என்று கேட்டேன். சொன்னாள். “அப்பாவின்ரை பேர்?” என்றும் கேட்டேன். அதையும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினேன்.