சேவியரின் போனில் ஏறாத செயலி

நேற்று சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் சேவியர் தன் போனை என் பக்கம் திருப்பினார்.

"டீச்சர், இது என்ன சொல்லுது? ஏறவே மாட்டேங்குது."

திரையில் ஒரே வரி: இந்தச் செயலி உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது.

அந்தச் செயலியை எழுதியவள் நான்!

(ரிட்டயர் ஆன கணக்கு டீச்சருக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் வரிசையில் நிற்கவும். முதல் ஆளாக என் மகள் நிற்கிறாள்.)

விஷயம் இதுதான். எங்கள் தேவாலயத்தில் கார் வைத்திருக்கும் சிலர், டயாலிசிஸுக்குப் போகிறவர்களை முறைவைத்து அழைத்துப் போகிறார்கள். கார் வேண்டுமென்றால் ஏற்பாட்டாளர் ஆண்டனிக்குப் போன் செய்ய வேண்டும். சேவியருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மூன்று முறையும் "தம்பி, மறுபடியும் தொந்தரவு பண்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"ஒரு பட்டனைத் தட்டுனா கார் வந்துரணும் டீச்சர். இப்படிக் கெஞ்சிக்கிட்டு இருக்க முடியல."

அவர் அப்படிச் சொன்னதால்தான் சமூக மன்றத்தில் செயலி எழுதும் வகுப்பில் சேர்ந்தேன்.

பட்டன் வந்தது. பெயர், நேரம் எல்லாம் வந்தன. கிளவுட் டேட்டாபேஸோடு இணைக்கப் போனேன்.

அங்கே பிடித்தது சனி!

பள்ளிக்கூட நேர அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் ஆசிரியரைச் செவ்வாய்க்கு மாற்றினால் இசை ஆசிரியருக்கு அறை இல்லை. அவரை நகர்த்தினால் விளையாட்டு ஆசிரியர் சண்டைக்கு வருவார்.

செயலியில் நாம் சேர்க்கும் லைப்ரரிகளும் (வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) அப்படித்தான். டேட்டாபேஸ் லைப்ரரி, "லாகின் லைப்ரரி புதுசா இருந்தாத்தான் நான் வருவேன்" என்றது. புதியதைப் போட்டேன். உடனே மேப் லைப்ரரி, "எனக்குப் பழசுதான் வேணும்" என்று உட்கார்ந்துவிட்டது. மேப்பையும் புதிதாக்கினேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

(நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளுக்கு மூன்று லைப்ரரிகளை அடக்க முடியவில்லை.)

கடைசியில் பிழைச் செய்தியே வழி சொன்னது. செயலி ஓட போனில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்ணை உயர்த்த வேண்டுமாம்.

உயர்த்தினேன். ஒரே ஓர் எண்! எல்லா லைப்ரரிகளும் சமாதானமாகிவிட்டன. சமையலறையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

அந்த எண்ணுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

சேவியர் இருந்தார், தன் பழைய போனோடு.

உணவங்காடியிலிருந்தே ஆண்டனியைக் கூப்பிட்டேன்.

"ஒருத்தருக்கு மட்டும்தானே டீச்சர்? அங்கிளைப் புது போன் வாங்கச் சொல்லுங்க லா."

"அதுவரைக்கும் உங்களுக்கே போன் பண்ணட்டுமே?"

"ஐயோ, வேணாம் டீச்சர். நாளையிலருந்து எல்லாம் ஆப்லதான்னு போன வாரமே சொல்லியாச்சு. ஒருத்தரை விட்டா எல்லாரும் எனக்குப் போன் அடிப்பாங்க."

சேவியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் அரைக் கோப்பை தே ஓ, பால் ஊற்றாத தேநீர். அதற்கு மேல் குடிக்க டாக்டர் அனுமதி இல்லை.

"மகன்கிட்ட கேட்டா வாங்கித் தருவான் டீச்சர்" என்றார். "ஆனா அதையும் கேக்கணும்ல?"

இன்று காலை என் போன் அடித்தது.

"டீச்சர், மறுபடியும் தொந்தரவு பண்றேன்..."

அவர் பெயரில் நான் பட்டனைத் தட்டினேன். கார் போய்விட்டது. செயலி பிரமாதமாக வேலை செய்கிறது!

இப்போது லைப்ரரிகளை ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை இறக்கினால் இன்னொன்று முறைக்கிறது. மூன்றும் பழைய ஆண்ட்ராய்டில் ஒத்துப்போகும் பதிப்புகள் உங்களில் யாருக்காவது தெரியுமா? பிழைச் செய்தியை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன்.

புது போன் வாங்கச் சொல்லி மட்டும் யாரும் எழுத வேண்டாம். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.