எங்கள் ஆபீசுக்கு ஏ.ஐ. வந்த கதை

தொண்டு நிறுவன வேலை என்றால் பாதி நாள் வேலை செய்வது, மீதி நாள் அதைச் செய்தோம் என்று நிதி தருபவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவது. இதே அவஸ்தையில் இருக்கும் சகாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம். புருஷன் அடி தாங்காமல் வெளியேறி வரும் பெண்களுக்குத் தங்க இடமும் தையல் பயிற்சியும் தருகிறோம். நடத்துபவர் சுகுணா மேடம். ரிப்போர்ட் எழுதுவதும் போன் எடுப்பதும் நான்.

சர்வர் எங்கே?

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த சாஃப்ட்வேர்காரர் நிகில், சேவை செய்கிறேன் என்று வந்தார். பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பெண்களின் விவரங்களை ஏ.ஐ.யில் ஏற்றிவிட்டால் ரிப்போர்ட் தானாக வந்து விழும் என்றார். எழுதி எழுதி நொந்திருந்த எனக்கு சாமியே நேரில் வந்த மாதிரி இருந்தது.

மேடம் மட்டும், ஏற்றின விவரம் எங்கே போகும் என்று கேட்டார். சர்வருக்கு என்றார் நிகில். அது எங்கே இருக்கிறது, யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு அவருக்கே சரியாகத் தெரியவில்லை. பத்திரமாகத்தான் இருக்கும் என்றார். எங்களிடம் இருக்கும் பெண்களில் பலரைப் புருஷன்மார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மேடம் நிதானமாகச் சொன்னார்: "பத்திரமா பாத்துக்கறேன்னு சொன்னவங்ககிட்ட இருந்துதான் தம்பி, இந்தப் பொண்ணுங்க தப்பிச்சு வந்திருக்காங்க."

லட்சுமியின் கடை

பெயர், ஊர், போட்டோ எதுவும் போடாமல், தப்பானாலும் யாருக்கும் கெடுதல் வராத வேலைக்கு மட்டும் முயன்று பார்க்கச் சொன்னார் மேடம். தையல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தியைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னேன். அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரை உங்களிடமும் சொல்லமாட்டேன்.

ஏ.ஐ. அவளுக்கு லட்சுமி என்று தானாகவே பெயர் வைத்தது. கிரிவலப் பாதையில் சொந்தக் கடை, கைக்குக் கீழே வேலையாட்கள், கண்ணில் ஆனந்தக் கண்ணீர். ஆங்கிலம் அப்படி ஒரு அழகு. யாரைப் பற்றி எழுதினோமோ அவளிடம் படித்துக் காட்டாமல் அனுப்பக்கூடாது என்று மேடம் தடுத்தார். மெஷின் ஊசியில் நூல் கோக்கவே தடுமாறிக்கொண்டிருந்த செல்வி, தமிழில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அந்த லட்சுமி அக்காவைப் பாத்தீங்கன்னா, என்னை வேலைக்குச் சேத்துக்கச் சொல்லுங்க."

அமைதியாகப் பேசுங்கள்

பௌர்ணமி அன்று ஊரே கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். ஆபீஸ் வந்து சேரவே நேரமாகும், போன்கூட ஒழுங்காக எடுக்க முடியாது. அப்போது வாட்ஸ்அப்பில் ஏ.ஐ.யே பதில் சொல்லட்டும் என்று நிகில் ஏற்பாடு செய்தார். வெளியாள் யாரும் தொடுவதற்கு முன் நாமே பேசிப் பார்க்கலாம் என்றார் மேடம். வீட்டுக்காரர் அடிக்கிறார், குழந்தையோடு எங்கே போவது என்று நான் டைப் அடித்தேன்.

அவர் கோபம் தணிந்ததும் அமைதியாக மனம்விட்டுப் பேசுங்கள் என்று பதில் வந்தது. கீழே ஒரு உதவி எண். கூப்பிட்டுப் பார்த்தோம், அப்படி ஒரு எண்ணே இல்லை. அந்த நேரத்தில் நிஜமாகவே ஒருத்தி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் தையல் டீச்சர் நூர்ஜஹான் அதை இரண்டு தரம் படித்தார். தானும் ஒரு காலத்தில் இங்கே அடைக்கலம் வந்தவர். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது ஒரு நாள்கூட அடி வாங்கினதில்ல போல."

நிகில் அன்றைக்கே அதை எடுத்துவிட்டார்.

இந்திக்காரப் பெண்

செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். இந்தி தவிர வேறு பாஷை தெரியாது. இந்தி பேசத் தெரிந்த நூர்ஜஹான் அன்று லீவு. பெயரைக் கேட்காமல், போனில் ஏ.ஐ.யை வைத்தே மொழிபெயர்த்துப் பேசினோம். சாப்பிட்டாளா, அடி எங்கே பட்டது, யாராவது பின்னால் வருகிறார்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கை எலும்பு முறிந்திருந்தது தெரிந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அன்றைக்கு அது இல்லாவிட்டால் திண்டாடித்தான் போயிருப்போம்.

அப்படியும் மேடத்துக்கு மனசு ஆறவில்லை. சாயந்திரம் நூர்ஜஹானை வரவழைத்து மறுபடி கேட்கச் சொன்னார். பதில்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. உள்ளே வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்த நூர்ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "மெஷின் கேட்டப்போ பதில் சொன்னா. நான் கேட்டப்போதான் அழுதா."

ஆக, இப்போது ஏ.ஐ.யும் எங்கள் ஆபீசில் ஒரு ஆள்தான். பீரோ சாவியை மட்டும் யாரும் அதனிடம் கொடுப்பதில்லை.