சரிஞ்ச மதிலும் சமைக்க வாற மனுசியும்

எங்கட கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் பின்னாலை ஒரு மதில் நிண்டது. அரசாங்கத்தின்ர பழைய ஸ்டோர் ஒண்டின்ர மதில். ஸ்டோர் எப்பவோ கூரையில்லாமப் போட்டுது, மதில் மட்டும் ரெண்டாள் உயரத்துக்கு நிண்டது. அதுக்கும் எங்கட யன்னலுக்கும் நடுவிலை ஒரு ஓடை. நான் கையை விரிச்சா இஞ்சாலையும் அங்காலையும் முட்டும், அவ்வளவுதான் அகலம். அதிலைதான் என்ர கொடிக்கயிறு. அங்காலை மதிலிலை ஒரு ஆணி, இஞ்சாலை யன்னல் கம்பி.

மதில் சரியுதெண்டு முதல் சொன்னது அந்தக் கயிறுதான். ஒரு மழைக்குப் பிறகு பாத்தா என்ர சீலைக் கரை நிலத்திலை இழுபடுது. கயிறு பழசாப் போச்சாக்குமெண்டு புறக்கோட்டைக்குப் போய் நைலோன் கயிறு வாங்கியந்து கட்டினன். அந்தக் கடைக்காரப் பெடியன் இது கப்பலையே இழுக்கும் எண்டவன். கப்பலை இழுக்குமோ தெரியாது, என்ர சீலையைத் தாங்கேல்லை. அடுத்த மழைக்கு அதுவும் தொய்ஞ்சுது. நான் இழுத்துக் கட்டுவன், அது தொய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் உடுப்புக் காயப்போட வந்தவ, கயிற்றைப் பாத்தா, மதிலைப் பாத்தா, உடுப்பை அப்பிடியே வாளிக்கை போட்டிட்டா.

"மாமி, கயிறு தொய்யேல்லை. மதில் கிட்ட வருது."

"எங்க வருது?"

"எங்கட குசினிக்கை."

அந்த வீட்டிலை நானும் மருமகளும்தான். மகன் கட்டாரிலை. மருமகள் காலமை பம்பலப்பிட்டிக் கந்தோருக்கு வேலைக்குப் போனா பின்னேரம்தான் வருவா. பகல் முழுக்க நானும் மதிலும். மழைக்காலத்திலை படுக்கையை முன் விறாந்தைக்கு மாத்திப்போட்டம். ஆனா குசினியை எங்கை மாத்துறது? சோறு வடிக்கேக்கையும் காது மதிலிலைதான். மண் கொட்டுற சத்தம் கேட்டா, அகப்பையோட முன் வாசலுக்கு ஓடி வந்து நிப்பன். பக்கத்து வீட்டு முஸ்லிம் தங்கச்சி யன்னலுக்காலை பாத்துச் சிரிப்பா. "என்ன அக்கா, ஆருக்கு அடிக்கப் போறீங்க?" எண்டு கேப்பா. அவவின்ர பின் யன்னலும் அந்த மதிலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது, எண்டாலும் அவவுக்குச் சிரிக்க வரும். அப்பிடி ஒரு பிறவி.

மருமகள் கந்தோர் கந்தோரா எழுதினா. ஒரு கந்தோர் சொல்லிச்சுது, மதில் எங்கடையில்லை, ஸ்டோர்க்காரரின்ரை எண்டு. ஸ்டோர்க்காரர் சொல்லிச்சினம், காணியை வேற கந்தோருக்குக் குடுத்திட்டம், அவையைக் கேளுங்கோ எண்டு. அந்தக் கந்தோர் பதிலே போடேல்லை. கடைசியா ஆரோ அவவுக்குச் சொல்லியிருக்கினம், பாராளுமன்றத்துக்கு மனுப் போடலாம், அங்கை மனுப் பாக்கிறதுக்கெண்டே ஒரு குழு இருக்கு, அவை கேட்டா எல்லாக் கந்தோரும் அறிக்கை குடுத்தே ஆகவேணும் எண்டு. வீடு என்ர பேரிலை. அதாலை மனுவும் என்ர பேரிலை.

"பாராளுமன்றத்துக்கோ? ஒரு மதிலுக்கோ?"

"ஓம் மாமி."

"நாட்டிலை இருக்கிற பிரச்சினை அவைக்குக் காணாதெண்டோ?"

"நாங்களும் நாட்டிலைதான் மாமி இருக்கிறம்."

மனுவை அவதான் எழுதினா. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இந்தக் கதையும் நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறா. என்ர கதையைத் திருத்தப்பிடாதெண்டு சொல்லித்தான் குந்த வைச்சிருக்கிறன்.

பிறகு கடிதம் வரத் தொடங்கிச்சுது. மண்ணிறக் கவர், மேலை அரசாங்க இலச்சினை. தபால்காரர் அதைக் கையிலை தந்தா ரெண்டு விரலாலைதான் பிடிப்பன். முருகன் படத்துக்கு முன்னாலை வைச்சிட்டு, மருமகள் வருமட்டும் அந்தப் பக்கமே போகமாட்டன். அவ வந்து பிரிச்சு வாசிப்பா. ஒண்டிலை மனு கிடைச்சது எண்டிருக்கும். இன்னொண்டிலை, இன்ன இன்ன கந்தோரிட்டை அறிக்கை கேட்டிருக்கிறம் எண்டிருக்கும். பிறகு வந்ததிலை, அறிக்கை இன்னும் வரேல்லை, ஞாபகப்படுத்தியிருக்கிறம் எண்டிருந்தது. அவ்வளவுதான். இதுக்கோ நான் பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமக் கிடந்தனான் எண்டு யோசிப்பன். அடுத்தது வந்தாலும் அப்பிடித்தான் கிடப்பன். அவையும் அறிக்கைக்குக் காத்துக்கொண்டு, நாங்களும் காத்துக்கொண்டு. மதில் மட்டும் ஒருத்தருக்கும் காத்திருக்கேல்லை.

இனி நான் சொல்லப் போறது விளங்கவேணுமெண்டா, என்ர மனுசனைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். நாங்கள் யாழ்ப்பாணத்திலையிருந்து வந்த புதிசிலை வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜிலை இருந்தனாங்கள். சண்டை நடந்த காலம். ஒருநாள் காலமை பேர் எழுதின கடதாசியோட பொலிஸிலையிருந்து ரெண்டு பேர் வந்து, இவர் இருக்கிறாரோ எண்டு கேட்டினம். லொட்ஜ்காரர் நல்ல மனுசன், சூது தெரியாது. "ஓம், மேலை இருக்கிறார், கூப்பிடட்டோ?" எண்டிட்டார். கூட்டிக்கொண்டு போட்டினம். திரும்பி வந்தவர்தான், ஆனா வந்தவர் போனவர் மாதிரி இல்லை. அதுக்குப் பிறகு அவர் எனக்குப் படிப்பிச்ச ஒரே பாடம் இதுதான். ஆரும் கடதாசியோட வந்து பேரைக் கேட்டா, அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு. உண்மையாத் தேவைப்படுறவன் திரும்பி வருவான். அவர் செத்து எத்தினை வரியம். பாடம் சாகேல்லை. எங்கட ஒழுங்கையிலை இருக்கிற வீடு முழுக்க அந்தப் பாடம்தான். இஞ்சை எந்தக் கதவிலை பேரைக் கேட்டாலும் அவர் வெளிநாட்டிலைதான்.

ஒருநாள் மத்தியானம் நான் கீரைக்குப் பருப்புப் போட்டுக்கொண்டிருக்கிறன், கதவிலை தட்டுது. ஆறுமுகக் கடவுளே, சட்டை தேய்ச்சுப் போட்ட ஒருத்தன், கையிலை பைல். பைலைத் துறந்து பாத்துப் பாத்து ஒரு பேரை வாசிக்கிறான். என்ர பேர். சிங்கள வாயிலை அதைக் கேக்க எனக்கே ஆற்றையோ பேர் மாதிரி இருந்தது.

வாய் தன்ர பாட்டிலை சொல்லிச்சுது, "நே, மாத்தயா. யாப்பனே கியா." இல்லை ஐயா, யாழ்ப்பாணம் போட்டா எண்டு.

"அம்மா கவுத?" நீங்கள் ஆர் எண்டு கேட்டான். கையிலை அகப்பை. நான் சமைக்க வாற மனுசி எண்டு சொன்னன். வேற ஆரும் இருக்கினமோ எண்டான். "கவுருத் நே" எண்டன். ஒருத்தருமில்லை. அவன் நிண்ட நிலையிலை என்னவோ எழுதினான், ஸ்தூதியெண்டு நன்றி சொன்னான், போட்டான். பின்னுக்குப் போய் மதிலைப் பாக்கவேயில்லை. ஆளில்லாத வீட்டுக்கை அவன் ஏன் வரப்போறான்?

பின்னேரம் மருமகளிட்டைச் சொன்னன். "பேர் கேட்டு ஒருத்தன் வந்தவன். இல்லையெண்டு கலைச்சுப்போட்டன்." அவ களைச்சு விழுந்து வந்தவ, இன்சூரன்ஸ் விக்கிறவனாக்குமெண்டு நினைச்சு, "நல்லம் மாமி" எண்டிட்டா. எனக்குப் பெருமை எண்டாச் சொல்லேலாது.

அதுக்குப் பிறகு வந்த கவரை வாசிச்சிட்டு மருமகள் கதிரையிலை இருந்திட்டா. குழு எங்களை நேரிலை கூப்பிடுது. கந்தோர்க்காரரும் வருவினமாம்.

பாராளுமன்றத்தை நான் ரீவியிலைதான் கண்டனான். அங்கை ஆக்கள் ஒராளுக்கு மேலை ஒராள் சத்தம் போடுவினம். அதுக்கை நான் போய் என்னெண்டு மதிலைப் பற்றிக் கதைக்கிறது? ஒட்டோவிலை போகேக்கை மருமகளின்ர கையை விடேல்லை. சுத்திவரத் தண்ணி, நடுவிலை அந்தப் பெரிய கட்டிடம், வாசல்லை பொலிஸ். ஒவ்வொரு வாசல்லையும் பேரைக் கேக்கினம். நான் ஒவ்வொரு தரமும் மருமகளைப் பாப்பன், அவதான் சொல்லுவா. போனை வாங்கி வைச்சினம். என்ர மடிக்கை இருந்த திருநீத்துக் கடதாசிச் சரையைப் பிரிச்சு மணந்து பாத்திட்டு ஒரு பொலிஸ் பிள்ளை சிரிச்சுக்கொண்டு திருப்பித் தந்துது.

உள்ளை நல்ல குளிர். நீட்டு மேசை. சண்டை ஒண்டும் இல்லை, எல்லாரும் மெதுவாத்தான் கதைச்சவை. தேத்தண்ணியும் தந்தவை, பயத்திலை நான் அதைத் தொடேல்லை. பக்கத்திலை ஒரு பிள்ளை இருந்து சிங்களத்திலை கதைக்கிறதை எனக்குத் தமிழிலை சொல்லிச்சுது. முன்னாலை பாத்தா அவன். அந்தச் சட்டை தேய்ச்சுப் போட்டவன். அவனும் என்னைப் பாக்கிறான், எங்கையோ கண்ட முகம் எண்ட மாதிரி. நான் முந்தானையை இழுத்துத் தலையிலை போட்டன். குளிருக்குப் போடுற மாதிரி.

அவன்ர அறிக்கையை வாசிச்சினம். அந்தப் பிள்ளை புத்தகத் தமிழிலை சொல்லிச்சுது. "மனுதாரரின் வீடு நேரில் பார்வையிடப்பட்டது. அங்கு எவரும் வசிக்கவில்லை என, சமைப்பதற்காக வந்த பெண் ஒருவர் தெரிவித்தார். ஆகவே மதிலினால் உயிராபத்து எதுவும் இல்லை. கோப்பை முடித்துவிடலாம்."

மருமகள் மெல்ல என்ர பக்கம் திரும்பினா. நான் மேசையைப் பாத்துக்கொண்டிருந்தன். பாராளுமன்றத்துக்குப் பொய் சொன்னா எத்தினை வரியம் உள்ளை போடுவினமெண்டு ஆரிட்டைக் கேக்கிறது?

அந்தக் குழுவிலை ஒரு பொம்பிளை மெம்பர் இருந்தவ. கண்ணாடியைக் கழட்டினா. "ஆளில்லாத வீட்டிலை அந்த மனுசி ஆருக்குச் சமைச்சவ?" எண்டு கேட்டா.

அவன் பைலைப் பிரட்டினான். அது பைலிலை இல்லை. "அதை நான் கேக்கேல்லை மெடம்" எண்டான்.

மேசை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு ஓய முதல் என்ர வாய் துறந்திட்டுது. இண்டைக்கும் எனக்குத் தெரியாது எங்கையிருந்து வந்த துணிவெண்டு. துணிவில்லை, பயம்தான் முத்தி வெளியிலை வந்தது. "எனக்குத்தான் ஐயா சமைச்சனான்" எண்டன்.

அந்தப் பிள்ளை அதைச் சிங்களத்திலை சொல்ல, திரும்பவும் சிரிச்சினம். தலைவர் மட்டும் சிரிக்கேல்லை. "அம்மா, பிறகேன் இல்லையெண்டு சொன்னீங்கள்?" எண்டு கேட்டார்.

"முந்தியும் ஒருக்கா இப்பிடித்தான் பேரைக் கேட்டு வந்தவை. ஓம் இருக்கிறார் எண்டு சொல்ல, என்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு போட்டினம்."

அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்த மெம்பர் அம்மா கண்ணாடியைத் திருப்பிப் போட்டா. தலைவர் அந்தக் கந்தோர்க்காரருக்குச் சொன்னார், திரும்பப் போய்ப் பாருங்கோ, போக முதல் கடிதம் போட்டுச் சொல்லுங்கோ, பாத்திட்டு அறிக்கை அனுப்புங்கோ எண்டு. என்னைப் பாத்து, "இந்தமுறை இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ அம்மா" எண்டார்.

திரும்பி வரேக்கை ஒட்டோவிலை மருமகள் சொன்னா, "மாமி, சமைக்க வாற மனுசிக்கு நான் இன்னும் சம்பளம் குடுக்கேல்லை." பிறகு ரெண்டு பேரும் சிரிச்சு, ஒட்டோக்காரன் திரும்பித் திரும்பிப் பாத்தான்.

ஆனா பயம் போகேல்லை. கந்தோர்க்காரர் வாறம் எண்டு கடிதத்திலை போட்டிருந்த நாள் மழை. மருமகள் லீவு கேட்டவ, குடுக்கேல்லை. மழையிலை மதில் மண் கொட்டுது, நான் முன் விறாந்தையிலை குந்திக்கொண்டு இருக்கிறன். ஒழுங்கையிலை ரெண்டு பேரின்ர சத்தம். கதவைத் தட்ட முதல் பக்கத்து வீட்டுத் தங்கச்சி யன்னலைத் துறந்து, அவை கேக்காமலே சிங்களத்திலை சொல்லுறா, "அந்த வீட்டுல ஒத்தரும் இல்ல, அவங்க ஊருக்குப் பெய்ட்டாங்க" எண்டு. பாவம், என்னைக் காப்பாத்துறாவாம். நான் அவவுக்கு ஒண்டும் சொல்லி வைக்கேல்லை.

அவை திரும்பி நடக்கிற சத்தம் கேட்டுது. நான் பேசாம இருந்திருந்தா போயிருப்பினம். கை தாழ்ப்பாளிலை. ஒருமாதிரி இழுத்துத் துறந்தன்.

"மாத்தயா. மம தமய்." நான்தான் எண்டு சொல்லி, என்ர பேரையும் சொன்னன். என்ர வாயாலை ஒரு கடதாசிக்காரனுக்கு அதைச் சொன்னது அண்டைக்குத்தான்.

அவன் நிண்டு பாத்தான். "சமைக்கிற அம்மா" எண்டான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு யன்னலைச் சாத்தினா.

குசினிக்காலை பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போய் கயிற்றைக் காட்டினன். அவன் மதிலிலை கையை வைச்சு அண்ணாந்து பாத்தான். அப்பத்தான் மேலையிருந்து மண் பொலபொலவெண்டு அவன்ர தேய்ச்ச சட்டையிலை கொட்டிச்சுது. அவன் கையை எடுத்திட்டு என்னையும் இழுத்துக்கொண்டு குசினிக்கை பாய்ஞ்சான். மற்றவன் அதுக்கு முதலே முன் வாசல்லை. என்னை இழுத்தவன்ர முகத்தைப் பாத்தன். இவ்வளவு காலமும் என்ர முகம் அப்பிடித்தான் இருந்திருக்கும்.

அவன்ர அறிக்கை போனாப் பிறகு, மதிலை உடைக்க ஆக்கள் வந்த அண்டைக்கு என்னாலை பாத்துக்கொண்டு நிக்கேலாது எண்டிட்டு, கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு இருந்தன். எங்களுக்கு முருகன் எண்டாலும், அந்தோனியாரும் பக்கத்து வீட்டுக்காரர்தானே. திரும்பி வந்து பாக்க, குசினிக்கை வெயில். துறைமுகத்துக் கிரேன் ரெண்டு யன்னலுக்காலை தெரியுது. அந்த வெளிச்சத்திலை என்ர குசினிச் சுவர் எவ்வளவு கறுத்துப் போச்செண்டு பாத்து வெக்கப்பட்டன்.

கயிறு சுருண்டு நிலத்திலை கிடந்துது, ஆணி இல்லை. தங்கச்சி தன்ர பின் யன்னல் கம்பியைத் தட்டிக் காட்டினா. "இங்க கட்டுங்க அக்கா." கட்டினன். இண்டைக்கும் அதிலைதான் காயப்போடுறன். மழை பேஞ்சா முதல் வேலையாப் போய்க் கயிற்றைத் தொட்டுப் பாக்கிறன்.