கடைசி வரியில் ஒரு கட்டு கொத்தமல்லி

என் கட்டுரைகளை என் கணவர் கடைசி வரை படிப்பதில்லை என்பதைக் கொத்தமல்லி வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஓர் இணைய இதழுக்கு எழுத ஆரம்பித்த புதிதில், எழுதி முடித்ததும் முதலில் அவருக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவருக்குப் பாகூரில் உரக்கடை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி, அனுப்பிய கையோடு ஒரு கட்டை விரலைத் தூக்கிப் போட்டுவிடுவார். ராத்திரி வந்து "சூப்பரா இருக்குதும்மா" என்பார். எது சூப்பர் என்று கேட்டால் "எல்லாந்தான்" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் கட்டுரைக்குக் கீழே, "வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். கட்டை விரல் வந்தது. கொத்தமல்லி வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாக் கட்டுரைக்கும் அந்த வரி உண்டு. செவிடன் காதில் ஊதிய சங்குதான். நானும் வாய் திறக்கவில்லை. கேட்டு வாங்கினால் அது பரீட்சையா? இதழுக்கு அனுப்பும்போது ஞாபகமாக அழித்துவிடுவேன். ஒரே ஒரு தடவை மறந்துபோய், "கோடையில் சருமப் பாதுகாப்பு" கொத்தமல்லியோடு முடிந்தது. "இத முகத்துல தடவணுமா மேடம்?" என்று இதழின் ஆசிரியை சென்னையிலிருந்து போன் செய்து கேட்டார்.

படிக்கும்படி நான் எழுதினேனா என்பது வேறு கேள்வி. சுண்டி இழுக்கும் தலைப்பு, சின்னச் சின்னப் பத்திகள், துணைத்தலைப்புகள், முடிவுரை எல்லாம் பிசகாமல் இருக்கும். ஆனால் வாசகர்கள் பாதியிலேயே கழன்றுகொள்கிறார்கள் என்று அந்த ஆசிரியை சொல்லிக்கொண்டே இருந்தார். "புகுந்த ஊர்" என்ற தொடருக்கு எழுதச் சொன்னபோது, ஏரி, கோயில், கரும்பு என்று மூன்று துணைத்தலைப்பு போட்டுப் பாகூரைப் பற்றி அனுப்பினேன். உடனே திரும்பி வந்தது.

"சுற்றுலா நோட்டீஸ் மாதிரி இருக்கு மேடம். இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன். நான் எங்கே இருந்தேனாம்! பஸ் ஸ்டாப்பில்தான் இருந்தேன். அதை அப்படியே எழுதினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

எனக்குப் பிறந்த ஊர் வில்லியனூரை ஒட்டிய ஒதியம்பட்டு. கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே யாரும் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் அம்மா வீட்டு ஞாபகம் வந்துவிடும். "கொத்தமல்லி வாங்கிட்டு வரேன் அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். வில்லியனூர் பஸ் வரும். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஏற மாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் அம்மா பதறிப்போவாள். நம் வீட்டில் என்ன குறை என்று இவர் வருத்தப்படுவார். பஸ் போனதும் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிக்கொண்டு திரும்புவேன். வீட்டில் நித்தமும் மல்லிச் சட்னி. "இன்னாம்மா, உங்க ஊர்ல வேற சட்னியே அரைக்க மாட்டாங்களா?" என்று மாமியார் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்.

இவ்வளவையும் துணைத்தலைப்பே இல்லாமல் ஒரே மூச்சில் எழுதினேன். எழுதும்போதே அழுகை வந்தது. பழக்க தோஷத்தில் கடைசி வரியையும் சேர்த்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். சருமப் பாதுகாப்பை அவர் படிக்காமல் விட்டபோது வெறும் கோபம்தான் வந்தது. இதையும் படிக்காமல் கட்டை விரலைத் தூக்கினால் என்னால் தாங்க முடியாது. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்னாலேயே வாசலில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். பை இல்லை. முன்னால் தொங்கும் கொக்கியிலும் ஒன்றும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதையும் படிக்கலயா?"

"கடைய சாத்திட்டு வந்திருக்கேன்." அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அப்ப மல்லி எங்க?"

வண்டியை அவர் அணைக்கவே இல்லை.

"இத்தினி நாளா நீ மல்லி வாங்கனது போதும். ஏறு, உங்கம்மா வூட்டுக்குப் போலாம்."