அமராவதிபுதூர் அண்டாவில் ஓடிய படகு மோட்டார்

1968ஆம் ஆண்டு புரட்டாசி மாதம், ஆயுத பூஜை அன்று விடியற்காலை ஐந்தே கால் மணிக்குத் தொண்டியிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில் ஏறினேன். தூரம் ஏறத்தாழ முப்பத்தைந்து மைல். டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு. மடியில் ஒரு சாக்குப் பை. அதில் ஸ்பேனர்கள், உப்புத்தாள், ஒரு பழைய ஸ்பார்க் பிளக். இடுப்பு முடிச்சில் ஐந்நூறு ரூபாய்.

நான் தொண்டியில் படகு மோட்டார் பழுது பார்ப்பவன். வள்ளத்தின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற மோட்டார் அது. அவுட்போர்டு என்பார்கள். என் மச்சான் காளிமுத்துவின் மோட்டாரில் அடிப்பகுதிப் பல்சக்கரம் நொறுங்கிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு உதிரி எங்கேயும் கிடைக்கவில்லை. புது மோட்டார் வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. அந்த விலை எங்களுக்கு எட்டாது. அவனுடைய வள்ளத்தில் பாய் கட்ட மரம் கிடையாது. வாடைக் காற்று எழும்பிவிட்டால் கடலுக்குப் போக முடியாது; அதற்கு இன்னும் மூன்று வாரம்தான். அதற்குள் தொழிலுக்குப் போனால்தான் என் தங்கை வீட்டில் மழைக்காலத்துக்கு அரிசி இருக்கும்.

இந்த நிலையில்தான் காரைக்குடிச் சந்தைக்குப் போய்வரும் கருவாட்டு வியாபாரி ஒருவர் அந்தச் செய்தியைச் சொன்னார். அமராவதிபுதூரில் ஒரு செட்டியார் வீட்டில் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மோட்டார் இருக்கிறதாம். பதினான்கு வருடமாக உப்புத் தண்ணீரே படாதது. ஆண்டுக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு எடுத்து ஓட்டுவார்களாம். ஒரே இழுப்பில் கிளம்பிவிடுமாம். கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எந்தக் குளத்தில் இறக்கி ஓட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பஸ் திருவாடானை, தேவகோட்டை தாண்டிப் போனது. அமராவதிபுதூர் வழியில்தான் வரும். கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு முன்னால் யாராவது இறங்கினால் கூடவே இறங்கிவிடலாம் என்று இருந்தேன். யாரும் இறங்கவில்லை. எட்டு மணிக்குக் காரைக்குடியில் நின்றேன்.

வந்த வழியே திரும்பக் குதிரை வண்டி பிடித்தேன். ஒன்றேகால் ரூபாய் கேட்டார் வண்டிக்காரர். பஸ்ஸிலேயே இறங்கியிருக்கலாமே என்றார். தெரியாமல் வந்துவிட்டேன் என்றேன். "தெரியாட்டி என்ன, வாயிலயா பூட்டுப் போட்டிருந்துச்சு?" என்று குதிரையைத் தட்டினார். வழி நெடுக வறண்ட செம்மண். கண்மாய்களில் தரை வெடித்துக் கிடந்தது. ஆனால் வீடுகள்! ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். ஒரு வீட்டைக் கடக்கக் குதிரைக்கு எத்தனை தப்படி ஆகிறது என்று எண்ணி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். சம்பாதிக்கப் போயிருக்கிறார்கள் என்றார்.

ஒன்பதேகால் மணிக்கு அந்த வீட்டுக்குள் போனேன். வீட்டுக்குரியவர் மெய்யம்மை ஆச்சி. ஐம்பது வயது இருக்கும். செட்டியார் காலமாகி எட்டு வருடம். கணக்குப்பிள்ளையும் கார் டிரைவர் வேலுவும்தான் நிரந்தரமாக உடன் இருப்பவர்கள்; அன்று பூஜைக்காகப் பங்காளி வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். மோட்டாரை ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டு வந்திருப்பதைத் தரையைப் பார்த்துச் சொன்னேன். "பூசை முடியட்டும், பேசிக்கிருவோம். மொதல்ல சாப்பிடுங்க" என்றார் ஆச்சி. என் சாக்குப் பையை வேலு வாங்கிக்கொண்டு போய், ஸ்பேனர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படையலில் அடுக்கிவிட்டார்.

பத்தரை மணிக்கு வளவுக்கு அழைத்தார்கள். வளவு என்பது வீட்டுக்குள்ளேயே தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றம். நடுவில் தேக்குச் சட்டம் ஒன்றில் மோட்டாரை மாட்டியிருந்தார்கள். தலையிலிருந்து கால் வரை சந்தனம். கழுத்தில் செவ்வந்தி மாலை. மாலையின் நுனி புரொப்பல்லருக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அடியில் தொட்டி இல்லை, வாளி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சட்டத்தைத் தூக்கி எங்கோ கொண்டுபோகப் போகிறார்கள் என்றே நான் நினைத்தேன்.

ஆச்சி தட்டில் கற்பூரம் ஏற்றினார். வேலு கயிற்றைச் சுற்றி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பூட்டிய அறைக்குள் இரும்புத் தகட்டை அறுப்பது போல இருந்தது. தூண்களெல்லாம் திருப்பிக் கத்தின. முற்றம் நிறைய நீலப்புகை; அதில் ஏதோ பலகாரம் கருகிய வாசனை. புரொப்பல்லர் வெறும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. பெண்கள் அதைச் சுற்றி நின்று குலவை போட்டார்கள். கற்பூரம் அணையும் வரை மோட்டார் நிற்காமல் ஓடினால் அந்த வருடம் வீட்டுக்கு நல்லது என்று கணக்குப்பிள்ளை என் காதில் கத்தினார்.

படகு மோட்டாருக்குத் தண்ணீர்தான் உயிர். அடியில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரம் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி இயந்திரத்தைக் குளிர வைக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அந்த ரப்பர் நிமிடத்தில் தேயும். பிறகு பிஸ்டன் இறுகும். பதினான்கு வருடமாக இப்படி ஓட்டியிருக்கிறார்கள். என் தங்கை முகம் கண்ணில் வந்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கினேன். முழங்கை வரை கரண்ட் அடித்தது. மோட்டார் நின்றது.

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

குலவை நின்றுவிட்டது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. "என்ன காரியம்யா பண்ணிப்புட்டீக" என்றார் கணக்குப்பிள்ளை. ஆச்சி எரிகிற கற்பூரத்தையே பார்த்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "தண்ணி... தண்ணி ஆச்சி..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உடனே ஒரு பெண் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மறுக்கக் கூச்சப்பட்டுப் பாதியைக் குடித்தேன்.

மீதித் தண்ணீரில் விரலை நனைத்து மோட்டாரின் தலையில் நாலு சொட்டுத் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்தது போலச் சுர்ரென்று ஆவி கிளம்பியது. ஆச்சி கிட்டே வந்து பார்த்தார். இன்னொரு முறை தெளிக்கச் சொன்னார். தெளித்தேன். பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது, விஷயத்தைச் சொன்னேன். உடனே பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"இன்னைக்கு ஆயுதத்தத் தொடக்கூடாது" என்றார் ஆச்சி. "நாளைக்கு விசயதசமி. காலையில பிரிக்கலாம். அதுவரைக்கும் இங்கனயே இருக்கீக."

அது விருந்தா காவலா என்று எனக்கு விளங்கவில்லை. என் ஸ்பேனர்கள் படையலில் இருந்தன. மோட்டார் செத்ததா பிழைத்ததா என்று தெரியாமல் ஒரு பகல் முழுவதும் போக வேண்டும். மத்தியானம் வேலுவுடன் ஊருக்குள் நடந்தேன். பெட்ரோலில் என்ன எண்ணெய் கலக்கிறீர்கள் என்று கேட்டேன். விளக்கெண்ணெய் என்றார். நான் நின்றுவிட்டேன். எண்ணெய் கலக்கு என்று செட்டியார் சொன்னாராம். வீட்டில் இருந்த நல்ல எண்ணெயைக் கலந்தார்களாம். அந்தக் கருகல் வாசனை இப்போது விளங்கியது.

ஊருணிக் கரைக்கு வந்தோம். நாலு பக்கமும் கல்படி. தெளிந்த தண்ணீர். இத்தனை வறட்சியில் இவ்வளவு தண்ணீரா என்று எனக்கு ஆச்சரியம். மோட்டாரைச் சரி பண்ணியதும் இதில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். படியில் குடத்துடன் நின்ற பெண்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலு என் கையைப் பிடித்து அப்பால் இழுத்துப் போனார். "மெல்லப் பேசுங்கண்ணே. ஊரே குடிக்கிற தண்ணி. இதுல கால் நனைச்சாலே அடி விழும். எண்ணெ மோட்டார எறக்குறேங்கிறீகளே" என்றார். காலையில் அவர்கள் செய்தது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படி இருந்திருக்கிறது நான் சொன்னது.

விஜயதசமி காலை ஏழு மணிக்குச் சூடம் காட்டி ஸ்பேனர்களைக் கையில் கொடுத்தார்கள். முதலில் அடிப்பகுதியைக் கழற்றினேன். ரப்பர்ச் சக்கரத்துக்கு ஆறு இதழ் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. கரித்தூள் போல உதிர்ந்ததை ஆச்சியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மோட்டாரின் தலையைத் திறந்தேன். பிஸ்டனில் மெல்லிய இரண்டு கோடுகள் இருந்தன, அவ்வளவுதான். சிலிண்டர் சுவர் பளபளவென்று இருந்தது. சூட்டிலும் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்த விளக்கெண்ணெய்தான் அதைக் காப்பாற்றியிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்ட அதே எண்ணெய். வேலுவிடம் சொன்னேன். அவர் அன்று முழுவதும் கணக்குப்பிள்ளையிடம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் அந்த எண்ணெய் கார்புரேட்டரில் வெல்லப்பாகு போல இறுகிக் கிடந்தது. பெட்ரோலில் ஊறவைத்துச் சுரண்டி, துவாரங்களை ஊதிச் சுத்தம் செய்தேன். தீப்பொறி தரும் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, அஞ்சலட்டையை இரண்டாக மடித்து நுழைத்து இடைவெளி வைத்தேன். பிளக்கை மாற்றினேன். பத்து மணிக்கு ஆச்சியின் காரில் காரைக்குடி போய், லாரி டயர் வேலை செய்யும் பட்டறையில் தடித்த ரப்பர் துண்டு ஒன்று இரண்டு ரூபாய்க்கு வாங்கி வந்தோம். பழைய சக்கரத்தின் நடுக்கட்டையை அளவு வைத்து, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஆறு இதழ் வெட்ட இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று கெட்டுப்போய் நாலாவது சரியாக உட்கார்ந்தது.

எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்கு ஆச்சியே பதில் சொன்னார். கல்யாணத்துக்கு எடுக்கும் பித்தளை அண்டாவை இரண்டு பேர் உருட்டி வந்தார்கள். என் நெஞ்சு உயரம். தேக்குச் சட்டத்தை அதன் மேல் நிறுத்தி மோட்டாரை மாட்டினேன். புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் அண்டாத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் கிடக்கும். வீட்டுக் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பினார்கள். பெட்ரோலில் இந்த முறை மோட்டார் எண்ணெய் கலந்தேன்.

மாலை நாலு மணிக்குக் கயிற்றை இழுத்தேன். இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை இருமிவிட்டு நின்றது. கார்புரேட்டர் ஊசியைக் கால் சுற்றுத் திறந்து மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறியது. ஊசியை மெல்ல மெல்லத் திருகினேன். சத்தம் ஒரே சீராக வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வருகிற தாழ்ந்த சத்தம், பூனை உறுமுவது போல. மோட்டார்க் காலின் பின்புறத் துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பியது. அதில் ஆச்சி கையைக் காட்டினார்.

"இதுதானா இதோட சத்தம்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப இத்தன வருசமா அது கத்திக்கிட்டுல்ல இருந்திருக்கு. நாங்க கொலவ போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

மோட்டாரை நிறுத்தினேன். கணக்குப்பிள்ளைக்கு முகம் மலர்ந்திருந்தது. இவ்வளவு நன்றாக ஓடும் பொருளை எதற்காக விற்பது, இனி வருடா வருடம் அண்டாவில் வைத்தே ஓட்டலாம் என்றார். அது நியாயம்தான். நானேதான் அதைச் சரி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகச் சாக்குப் பையில் போட்டேன்.

ஆச்சி என்னிடம் திரும்பினார். "கடல்ல ஓட்டுனா எத்தன வருசம் வரும்?"

கூட்டிச் சொல்லியிருக்கலாம். "நாலு வருசம், அஞ்சு வருசம் ஆச்சி. உப்பு தின்னுரும்" என்றேன்.

"இங்க அண்டாவுல?"

"வருசத்துக்கு ஒரு நாள்னா, நூறு வருசம் கெடக்கும்."

கணக்குப்பிள்ளை தலையை ஆட்டினார். ஆச்சி ஈரக் கையால் மோட்டாரின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் தேய்த்து எடுத்தார். தேய்த்த இடத்தில் பச்சை வர்ணம் தெரிந்தது.

"நூறு வருசம் கெடந்து என்ன செய்யப்போகுது. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

ஐந்நூறு ரூபாயைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கும்பிட்டதை அவர் பார்க்கவில்லை.

வேலு மோட்டாரைச் சாக்கில் சுற்றி மாலை ஆறு மணி பஸ்ஸின் கூரையில் கட்டிக் கொடுத்தார். சுமைக் கூலி அறுபது காசு. தேவகோட்டையிலும் திருவாடானையிலும் இறங்கிக் கயிற்றைச் சரிபார்த்தேன்.

மறுநாள் காலையில் புரொப்பல்லரைப் பூட்டி, வள்ளத்தின் பின்பலகையில் அதை மாட்டினோம். எங்கள் கரையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அதில் என்ன கொட்டினாலும் யாரும் கேட்பதில்லை. ஓர் ஊருணியைக் கால் படாமல் காக்கும் ஊரிலிருந்து வந்த பொருள் அது. காளிமுத்து அவசரப்பட்டான், தங்கை கரையில் சோற்றுத் தூக்குடன் நின்றாள். திருகுகளை இறுக்கி, மோட்டாரின் காலை நானே கடலுக்குள் இறக்கினேன். பச்சை வர்ணத்தின் மேல் உப்புத் தண்ணீர் ஏறியது. ஆச்சியிடம் நான் சொன்ன நாலைந்து வருடம் அந்த நிமிடத்தில் தொடங்கியது. காளிமுத்து கயிற்றை இழுத்தான்.